பத்து மிச்சம்

புதுவயல் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
ரத்தம் பார்க்கிறவள் நான்.
சாத்தையாவின் ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து
சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பார்த்தபோது
ஊதிப்போன அணுவுக்குள்
மோதிரம் கிடந்தது,
கல் பதித்த மோதிரம்.

மங்களூருக்கு அரிசி லோடு அடிக்கிறவர்.
துறைமுகத்துக்கு வெளியே மூன்று ராத்திரி
லாரிக் கூரைமேல் படுத்தாராம்.
அங்கே கடித்திருக்கலாம்.
இங்கேயும்தான்.
பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டு வளவில்
மழை குடித்து நிற்கும் அண்டாக்களை
இந்த வருஷம் யார் கவிழ்த்தார்கள்?

மூன்று நாளைக்கு ஒரு மாத்திரை.
பதினான்கு நாளைக்கு இன்னொன்று.
அந்த இன்னொன்றுக்கு முன்
சிவகங்கைக்கு ரத்தம் அனுப்பி
உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்டோம்.
தாங்கும் என்று தாள் வந்தது.

'காச்சல் சீக்கிரமே விட்டுடும்.
அது விட்டுச்சுன்னு நீங்க விட்டுடாதீங்க.
ஈரலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.
சாப்பிட்டுட்டுப் போடுங்க.
ஒண்ணுக்கு கடுங்காப்பி நிறத்துல போனா
நிறுத்திட்டு ஓடி வாங்க.'

ஒரே மூச்சு.
அவருக்குப் பின்னால் பதினேழு பேர் நின்றார்கள்.
'சரித்தா' என்றார்.
சாவிக்கொத்து அவர் விரலில்
அப்போதே கிளம்பிவிட்டிருந்தது.

ஒன்பதாம் நாள்
அவர் வராததால் நான் போனேன்.
உமி பறக்கிற சந்து.
அஞ்சறைப்பெட்டியைத் திறந்து
வெந்தயத்துக்கு மேலிருந்து பட்டையை எடுத்துக் காட்டினார்,
பத்திரம் காட்டுகிற மாதிரி.

நாலு குழி காலி.
பத்து மிச்சம்.

'விடிகாலையில டீயோட போட்டேன்.
வயித்தப் பெசஞ்சு
திருமயத்துக்கிட்ட வண்டிய ஓரங்கட்டி வாந்தி.
காச்சலும் இல்ல.
எதுக்கு வீணாக்கணும்?'

வீணாக்காத சீமை இது.
ஐந்தொகை எழுதிப் பழகிய மண்.
இடித்த வீட்டின் ஆணிக்கும் இங்கே விலை உண்டு.
விழுங்காத மாத்திரையை
அவர் வரவில் வைத்திருந்தார்.

'மீனாளுக்கும் நேத்துலேருந்து குளிருது.
அதே காச்சல்தானே.
பாதி அவளுக்கு.'

உள்ளே இரண்டு போர்வைக்குள் மீனாள்.
அஞ்சு மாசம்.

என் பதிவேட்டில் அவள் இல்லை.
வீட்டில் வேறு யார் என்று
நான் கேட்கவே இல்லை.

'குடுத்துட்டீங்களா?'

மில்லின் சங்கு ஊதத் தொடங்கி
ஊதி முடிக்கிற வரைக்கும்
அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ராத்திரிச் சோத்துக்கப்புறம் குடுக்கலாம்னு இருந்தேன்.
நீதான சொன்ன, சாப்பிட்டுட்டுப் போடணும்னு.'

சொன்ன ஐந்தில் ஒன்று
அந்த வீட்டில் தங்கியிருந்தது.
என் கெட்டிக்காரத்தனம் என்று எதுவும் இல்லை.
சோறு இன்னும் வேகவில்லை,
அவ்வளவுதான்.

இந்த முறை உட்கார்ந்து சொன்னேன்.
'அண்ணே, உங்க ரத்தத்தச் சிவகங்கைக்கு அனுப்புனோம்.
உள்ள இருக்கிற பிள்ளையோட ரத்தத்த
யார் எடுத்து அனுப்புறது?
அது தாங்குமா தாங்காதான்னு
எந்தத் தாள் வரும்?'

பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு என் உள்ளங்கையில் வைத்து
கையை உடனே இழுத்துக்கொண்டார்.
விட்ட நாட்களை என்ன செய்வதென்று
டாக்டரிடம் போனில் கேட்டோம்.
நாளைக் காலை வரச் சொன்னார்,
பலகாரம் முடித்துவிட்டு.

மீனாள் விரலை நீட்டினாள்.
குத்தும்போது முகத்தைத் திருப்பவில்லை.
'அப்ப எனக்கு மருந்தே கெடையாதா?'

'இருக்கு. இது இல்ல.
ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு,
வயித்துல பிள்ளை இருக்கிறது தெரிஞ்சு
டாக்டர் குடுக்கிறது.'

திரும்பும் வழியில்
கண்ணாடிச் சில் டப்பாவுக்குள் கிடுகிடுத்தது.
வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

பதிவேட்டில் ஸ்கேல் வைத்து
புதிதாக ஒரு கோடு இழுத்தேன்.
வீட்டில் மற்றவர்கள்.
தலைப்பு கொஞ்சம் கோணிவிட்டது.

சாயம் இன்னும் காயவில்லை.